இரண்டாம் தரம் ஊற்றிய ரசம்

குடித்துவிட்டுச் செய்தால் தண்டனை குறையும் என்று இந்த ஊர் ஜனங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அந்த ஆள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். கோயமுத்தூர் கோர்ட்டில் கிரிமினல் வக்கீலாக நின்று நின்றே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இன்னமும் யாராவது வந்து, "நெனப்பில்லாமச் செஞ்சுபோட்டானுங்க, ஏதோ பார்த்துக் கொறைச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்கிறார்கள், நான் என்னவோ காய்கறிக் கடை வைத்திருப்பது போல.

தம்பிதுரையும் அதையேதான் சொன்னார். வெள்ளகோவில் பக்கம் தோட்டமும் காடுமாக இருக்கிற பெரிய மனிதர். என் ஆபீஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஜூனியர் இனியா வைத்த காப்பி அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. ஏன் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். வாசல் போர்டில் மாசாணியம்மாள் என்ற பெயரைப் படித்து, நான் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துவிட்டுத்தானே படியேறியிருப்பார். முன்பெல்லாம் இதற்கு ஆத்திரம் வரும். இப்போது காப்பித்தூள் வீணாகிறதே என்று மட்டும் தோன்றுகிறது.

"சரக்கு உள்ள போச்சுன்னா என்ற பையன் அவனில்லீங்க அம்மணி. அவனுக்கு எதுவுமே தெரியாதுங்க. அதைக் கொஞ்சம் சட்டத்துல எடுத்துச் சொல்லோணும்" என்றார்.

பையன் என்றால் சின்னப் பையன் இல்லை, நாற்பதைத் தாண்டியவன். பெயர் கிருபாசங்கர். கணபதியில் லேத் பட்டறை வைத்து, மோட்டார் பம்புக்கு ஷாப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தான். மனைவி லோகப்பிரியா. அவளுடைய அண்ணன் சுரேந்தருக்குக் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருபாசங்கர் மனைவியோடு மச்சான் தோப்புக்கு விருந்துக்குப் போனான். காலையிலேயே பிராந்தி போட்டிருந்தான். மதியம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் கிருபாசங்கர் களத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து மச்சானின் தலையில் அடித்தான். ஆஸ்பத்திரி போவதற்குள் சுரேந்தரின் உயிர் போய்விட்டது. மறுநாள் தெளிந்தபோது கிருபாசங்கருக்கு ஒன்றும் நினைவில்லை. ஜெயிலில் என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மச்சான் எப்படி இருக்காருங்க?" என்பது.

இனியா சட்டத்தில் மேல்படிப்புப் படிக்கிறாள். இந்த மாதிரி விஷயம் அவளுக்கு அல்வா. தம்பிதுரை கேட்காமலே ஆரம்பித்துவிட்டாள்.

"இங்கிலாந்துன்னா, கொல்லணும்ங்கற எண்ணமே போதையில வந்திருக்காதுன்னு வாதாடி, கொலையிலிருந்து ஒரு படி கீழ கொண்டு வரலாமுங்க. ஜெர்மனியில, செஞ்சதுக்குத் தண்டிக்க முடியாத அளவுக்குப் போதைன்னா, அப்படி நிலைதவறக் குடிச்சதையே தனிக் குத்தமாக்கி உள்ள வெச்சிருவாங்க. கனடாவுல, உடம்புதான் ஆடுது, ஆள் உள்ள இல்லைன்னு நிரூபிச்சா விட்டாகணும்னு கோர்ட்டு சொல்லிருச்சு. அடுத்த மாசமே பார்லிமெண்டுல சட்டத்தைத் திருத்திட்டாங்க."

"நம்மூர்ல என்னங்க?" என்றார் தம்பிதுரை.

நான்தான் சொன்னேன். "நம்மூர்ல ஒரே கேள்விதானுங்க. உள்ள போனது யார் கையால போச்சு? தானா குடிச்சவனுக்குத் தெளிவா இருக்கறவன் புத்தி இருந்ததாத்தான் கோர்ட்டு எடுத்துக்கும். அவனுக்குத் தெரியாமயோ, வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்லவோ வேற யாராச்சும் குடுத்திருந்தா மட்டும்தான் தப்பிக்க வழி."

பழைய சட்டத்தில் இது எண்பத்தைந்தாவது பிரிவு. புதுச் சட்டத்தில் இருபத்துமூன்று. இத்தனை காலம் வாயில் ஊறிய எண்ணை மாற்றிவிட்டார்கள். விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

"அவன் வாயில யாருங்க ஊத்தப் போறாங்க? அவனேதான் போய் வாங்குவான்" என்றார் பெரியவர்.

"அப்பக் கஷ்டம்தானுங்க" என்றேன். கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போனார். காப்பியை இனியா கொண்டுபோய்க் கொட்டினாள்.

வழக்கில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாமல்தான் கோர்ட்டுக்குப் போனேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சுரேந்தரின் அம்மா வள்ளியாத்தாள் வந்து முன் பெஞ்சில் உட்காருவார். லோகப்பிரியா கடைசிப் பெஞ்சில். தாயும் மகளும்தான். ஒருத்தி பெற்ற பிள்ளையைக் கொன்றவன் மற்றவளுக்குப் புருஷன். அந்த ஒரு வருஷத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. லோகப்பிரியா இடைவேளையில் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் அம்மாவின் பக்கத்தில் வைப்பாள். அது திறக்காமலே சாயங்காலம் வரை அங்கே இருக்கும்.

தோப்பில் தண்ணீர் பாய்ச்சும் ராசப்பன் அரசுத் தரப்புச் சாட்சி. அடித்ததைக் கண்ணால் பார்த்தவர். அதைச் சொல்லி முடித்தார். குறுக்கு விசாரணைக்கு நான் எழுந்தேன். கேட்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சும்மா விடக்கூடாதே என்று கேட்டேன்.

"அடிச்சதுக்கப்புறம் ஓடிட்டாரா?"

"இல்லீங்க. தென்னை மரத்தடியில உக்காந்துட்டாருங்க."

"உக்காந்து?"

ராசப்பன் தயங்கினார். "லேத் ஓட்டிட்டிருந்தாருங்க."

கோர்ட்டில் சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. எப்படி என்று காட்டச் சொன்னேன். கூண்டில் நின்றபடியே ராசப்பன் வலது கையால் இல்லாத ஒரு சக்கரத்தைச் சுற்றினார், இடது கையால் இல்லாத ஒரு கம்பியைத் தடவிப் பார்த்தார், குனிந்து ஊதினார்.

"கையில ஒண்ணுமே இல்லீங்க. நான் கிட்டப் போயி, ஏனுங்கன்னேன். 'பொழுதோட முடிச்சிரலாம், டெலிவரி சொல்லிப்போட்டேன்'னாருங்க. கண்ணுல கருமுழி அம்மாம் பெருசா இருந்துச்சு. உதடெல்லாம் வறண்டு வெடிச்சுக் கெடந்துச்சுங்க."

நான் சிரிக்கவில்லை. குடிகாரர்களை எனக்கு நன்றாகத் தெரியும், அவர்களால்தான் என் வீட்டில் அடுப்பெரிகிறது. குடித்தவன் அழுவான், கத்துவான், விழுவான், வாந்தியெடுப்பான். வெறுங்கையில் வேலை செய்ய மாட்டான். அப்படிச் செய்தவர்களை ஒரே ஒரு வழக்கில் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் பிஸ்கட் கொடுத்து நகையைக் கழற்றிய கும்பல் வழக்கு அது. பிஸ்கட்டில் ஊமத்தை விதை. அதைத் தின்ற தறிக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து விடிய விடியத் தறி ஓட்டினார் என்று நர்ஸ் சாட்சி சொன்னது நினைவுக்கு வந்தது.

கிருபாசங்கரின் ரத்தத்தில் யாரும் ஊமத்தையைத் தேடவில்லை. வாயில் பிராந்தி நாறும்போது எதற்கு இன்னொன்றைத் தேட வேண்டும்? சாராய அளவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் லோகப்பிரியாவைத் தனியாக வரச்சொன்னேன். இனியாவைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அன்னிக்குச் சாப்பாட்டுல என்ன போட்ட?" என்று நேரடியாகக் கேட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போல உடனே சொன்னாள்.

"பொடிங்கக்கா. குடிய மறக்க வெக்கற பொடி. எங்கண்ணன்தான் சந்தையில ஒரு ஆள்கிட்ட வாங்கியாந்து குடுத்துச்சு. அவியளுக்குத் தெரியாமச் சோத்துல கலந்து குடுக்கோணும், தெரிஞ்சா வேலை செய்யாதுன்னு அந்த ஆள் சொன்னானாமா."

இந்த விளம்பரம் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் சுவர், மின் கம்பம், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் மூலை, எல்லா இடத்திலும் இருக்கிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கலாம். இந்த நாட்டில் எத்தனை பெண்கள் இதை நம்பி எதை எதையெல்லாம் குழம்பில் கலக்கிறார்களோ, கணக்கெடுத்தால் நமக்குச் சோறு இறங்காது.

"அவியளுக்குன்னு தனியா எடுத்து வெச்ச கொள்ளு ரசத்துலதானுங்க கலப்பேன். அதுதான் அவியளுக்கு உசுரு. கொஞ்சம் கசக்கும். ஆனா அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எங்க மாமனார் வளர்த்தது அப்படிங்க. எலையில விழுந்ததைத் தின்னுட்டு எந்திரிக்கோணும். உப்பில்லீன்னாலும் சொல்ல மாட்டாங்க, நல்லா இருக்குன்னும் சொல்ல மாட்டாங்க. கல்யாணமான நாள்லயிருந்து அப்படித்தான்."

"எத்தனை நாளாக் கலந்த?"

"மாசக்கணக்கா. ஒண்ணும் கேக்கலீங்க, குடி அப்படியேதான் இருந்துச்சு. அன்னிக்கு எங்கண்ணன், 'புதுப்பொடி வந்திருக்குது, கொஞ்சம் சேத்தியே போட்டுப் பாரு அம்மணி'ன்னு குடுத்துச்சு. போட்டேன்." இங்கேதான் அவள் குரல் உடைந்தது. "அன்னிக்குன்னு பாத்து ரெண்டாந்தரம் ஊத்தச் சொன்னாங்க்கா. 'ரசம் நல்லா இருக்குது, இன்னொரு கரண்டி ஊத்து'ன்னாங்க. இத்தனை வருசத்துல அன்னிக்குத்தான் என்ற சமையலை நல்லா இருக்குன்னு சொன்னாங்க. நான் சந்தோசமா ஊத்துனேனுங்க்கா."

மிச்சப் பொடியை அன்றைக்கே சாக்கடையில் கொட்டிக் காகிதத்தை எரித்துவிட்டாள். வாங்கி வந்தவன் செத்துவிட்டான். சந்தைக்காரன் எங்கே போனானோ. ஆக, உலகத்தில் இதற்குச் சாட்சி என்று இருப்பது இவள் வாய் ஒன்றுதான்.

நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அலுப்பாக இருந்தது. நான் தேடிய வழி கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதான். தெரியாமல் கொடுக்கப்பட்டது என்று நிரூபித்தால் கிருபாசங்கர் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அதை நிரூபிக்க இவள் கூண்டில் ஏறி, நான்தான் கலந்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் போலீஸ் சும்மா இருக்காது. மயக்கப் பொருளைக் கொடுத்துத் தீங்கு செய்ததற்குப் பத்து வருஷம் வரை போகும். கூடவே, முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாய்க்கு, மகனைக் கொன்ற பொடியை ஊற்றியது மகள்தான் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். "இன்னொண்ணும் கேட்டுக்க. நான் உன் புருசனுக்கு வக்கீல், உனக்கில்ல. உனக்கு என்ன நல்லதுன்னு சொல்ல வேற ஒரு வக்கீலைப் பாரு. நான் சொல்றதை மட்டும் நம்பாத."

"எதுக்குங்க்கா பார்க்கோணும்? நான் சொல்றேனுங்க" என்றாள். "எம் பொண்ணு ரித்திகா காலேஜ் சேர்ந்துட்டா. மாமனார் பார்த்துக்குவாங்க. அவிய உள்ள இருக்கற ஒவ்வொரு நாளும் எனக்குத் தொண்டையில சோறு எறங்கலீங்க."

நான் சொன்னபடியே இன்னொரு வக்கீலையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள். அவர் சாட்சி சொல்ல வேண்டாம் என்றாராம். அதைச் சொல்லிவிட்டு, "எப்போ வரட்டுமுங்க?" என்று கேட்டாள்.

அந்த வாரம் ஜெயிலுக்குப் போனேன். கிருபாசங்கர் இளைத்திருந்தான். குடி நின்று முகம் தெளிந்திருந்தது. ஜெயில் செய்த ஒரே உபகாரம் அதுதான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அவன் மனைவி சொன்னதைச் சொன்னேன். அதிர்ச்சியில் உட்கார்ந்துவிடப் போகிறானே என்று வார்டரை நாற்காலி போடச்சொல்லியிருந்தேன். அவன் உட்காரவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க" என்றான்.

"என்ன தெரியும்?"

"ரசத்துல பொடி போடறது தெரியுமுங்க. மொதல் நாளே தெரியும். மச்சான் அவ கையில பொட்டலத்தைக் குடுத்ததைப் பார்த்துட்டேன். கசக்கவும் செஞ்சுது. என்ன பொடின்னு கேக்கோணுமா? பஸ் ஸ்டாண்டுல எழுதி ஒட்டியிருக்கறதுதானுங்களே."

எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. "அப்பறம் ஏன் வாயைத் தொறக்கலை?"

கம்பிமேல் விரலைத் தேய்த்தபடி சொன்னான்.

"தெரியும்னு சொல்லிட்டா, அப்பறம் நானா நிறுத்தோணுங்களே மேடம். எத்தனையோ தரம் நிறுத்திப் பார்த்துட்டேன். முடியலை. தெரியாத மாதிரித் தின்னுட்டிருந்தா, நின்னாலும் நிக்காட்டியும் அது பொடி பாடு. என்ற பாடு இல்லீங்க. அப்பறம் சாப்பாட்டைக் கொறை சொன்னா எங்கப்பாரு எலையை எடுத்துப்போடுவாருங்க, சின்ன வயசுல. கசக்குதுன்னு சொல்ல வாயே வராதுங்க எனக்கு."

மூளையில் பிரிவுகள் ஓடின. குடியை நிறுத்தும் மருந்து என்று நினைத்துத்தான் தின்றான், மதியை மயக்கும் விதை என்று அவனுக்குத் தெரியாது. இதை வைத்தும் வாதாடலாம். இனியா என்றால் நாலு நாட்டுத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். ஆனால் அதற்கும் லோகப்பிரியா கூண்டில் ஏறியாக வேண்டும். பொடி என்று ஒன்று இருந்ததற்கே அவளைத் தவிர ஆதாரம் கிடையாது.

அவன் என் முகத்தைப் படித்துவிட்டான்.

"அவளைக் கூப்பிடாதீங்க. நீங்க கூப்பிட்டீங்கன்னா, நானே வாங்கி நானே கலந்து தின்னேன்னு ஜட்ஜய்யாகிட்டச் சொல்லிப்போடுவேன்."

"உனக்கு எத்தனை வருசம் வரும்னு தெரியுமா?"

"வரட்டுமுங்க. மச்சானை அடிச்சது இந்தக் கைதானுங்களே. நெனப்பில்லீன்னாலும் கை என்றதுதான்."

வெளியே வந்து காந்திபுரம் வெயிலில் ஆட்டோவுக்கு நின்றேன். கட்சிக்காரர்கள் என்னிடம் சொல்லாத பொய் இல்லை. எல்லாம் வெளியே வருவதற்கான பொய். உள்ளே இருப்பதற்காகப் பொய் சொல்வேன் என்று மிரட்டியவன் இவன் ஒருத்தன்தான். அவன் சொன்னதை லோகப்பிரியாவிடம் நான் சொல்லவும் முடியாது. கட்சிக்காரன் வக்கீலிடம் சொன்னது வக்கீலோடு நிற்க வேண்டும். அவளிடம், வாய்தா அன்றைக்கு வந்து வெளியே இரு, வேண்டுமென்றால் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குக் காலை வரை எப்படியாவது அவன் மனதைத் திருப்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை. உண்மையில் எனக்கு அவனை ஜெயிக்க வைக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்த ஆசை.

வாய்தா அன்று லோகப்பிரியா ஒரு துணிப்பையோடு வந்திருந்தாள். அதில் இரண்டு சேலையும் ஒரு துண்டும் இருந்தன. சாட்சி சொன்னதும் அப்படியே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். சாட்சியாக வரக்கூடியவர் உள்ளே இருக்கக்கூடாது என்பதால் வராந்தாவில் உட்கார வைத்தேன். "எப்பக் கூப்பிடுவீங்க்கா?" என்று கேட்டாள். குரலில் பயமே இல்லை.

உள்ளே, அரசுத் தரப்புச் சாட்சியங்கள் முடிந்திருந்தன. குற்றம் சாட்டப்பட்டவனை நீதிபதி நேரடியாகக் கேள்வி கேட்கும் கட்டம். சாட்சிகள் சொன்னதை ஒவ்வொன்றாக வாசித்து, இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்பார்கள். தெரியாது, பொய் என்று சொல்லச் சொல்லித்தான் எல்லா வக்கீல்களும் பழக்கி வைத்திருப்போம். கிருபாசங்கர் எல்லாவற்றுக்கும், "ஆமாங்க", "இருக்குமுங்க" என்றான். கடைசியில் நீதிபதி கேட்டார்.

"வேற ஏதாச்சும் சொல்ல விரும்பறீங்களா? உங்க தரப்புல சாட்சி இருக்குதா?"

கிருபாசங்கர் என்னைப் பார்க்கவே இல்லை.

"சாட்சி இல்லீங்கய்யா. குடிச்சது நானுங்க. அன்னிக்கு ரசத்துல ஒரு பொடியும் இருந்துச்சு. குடிய நிறுத்தறதுக்கு நானே சந்தையில வாங்குனது. நானே கலந்துக்கிட்டேன். தெரிஞ்சேதான் குடிச்சேன். எனக்கு யாரும் எதுவும் தெரியாமக் குடுக்கலீங்க."

அரசு வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவருடைய வேலையை என் கட்சிக்காரன் முடித்துக் கொடுத்துவிட்டான். நீதிபதி என்னைப் பார்த்தார். "டிபென்ஸ் விட்னஸ்?"

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் தொழிலில் ஜெயிப்பதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கதவும், அதற்கு வெளியே துணிப்பையோடு ஒரு பெண்ணும். அவளுக்காக நான் பேச முடியாது. அவனுக்காகத்தான் பேச வேண்டும். அவன் பேசி முடித்துவிட்டான்.

"இல்லீங்க யுவர் ஆனர்" என்றேன்.

தீர்ப்புக்கு இன்னும் நாள் இருந்தது. என்றாலும் முடிந்தது என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கறுப்புக் கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே தூங்க வேண்டும் போல இருந்தது. லோகப்பிரியாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வெளியே வந்தேன். எனக்கு முன்னால் வள்ளியாத்தாள் போய்விட்டார்.

வராந்தாவில் அந்த அம்மாள் மகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு மகளிடம் பேசினார்.

"ரசத்துல எதையோ பொடியக் கலந்து குடிச்சானாமா, படுபாவி. அவனே வாங்குனானாமா, அவனே கலந்தானாமா. தெரிஞ்சே குடிச்சேன்னு ஜட்ஜுகிட்ட அவன் வாயாலயே சொல்லிப்போட்டான். நீ என்ன பண்ணுவ கண்ணு? இது தெரியாம உன்ற மேல கோவப்பட்டுட்டு, உன்ற மூஞ்சியக்கூடப் பார்க்காம இருந்துபோட்டேனே நான்."

அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். லோகப்பிரியாவின் மற்றொரு கையில் துணிப்பை இருந்தது. அவள் அம்மாவைப் பார்க்காமல், அம்மாவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"தெரிஞ்சேவா குடிச்சாங்க?" என்றாள்.

தலையாட்டினேன். "அது மட்டும் நிசம்."

"எப்பத்தில இருந்துங்க?"

அவன் கோர்ட்டில் சொல்லாததை நான் சொல்லக்கூடாது. சொன்னேன். "மொதல்ல இருந்தே."

அவள் உதடு அசைந்தது. எதையோ கூட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எதற்காக இன்னொரு கரண்டி கேட்டான் என்பது. குடியைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறான். ரசம் நல்லா இருக்கிறது என்று சொல்லிக் கேட்டிருக்கிறான்.

"அப்ப, நல்லா இருக்குதுன்னு சொன்னது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. நன்றியோ பாசமோ இல்லை அந்த முகத்தில், கோபம். அவ்வளவு கோபத்தை அவளிடம் நான் பார்த்ததே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கசக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கண்ணன் இருந்திருக்குமுங்க்கா" என்றாள்.

வள்ளியாத்தாள் நிமிர்ந்து பார்த்தார். காது கொஞ்சம் மந்தம் அவருக்கு. "என்ன கண்ணு கசக்குது?"

கீழே போலீஸ் வண்டியில் கிருபாசங்கரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் படியில் நின்று வராந்தாவை அண்ணாந்து பார்த்தான். லோகப்பிரியா அந்தப் பக்கம் திரும்பவில்லை. துணிப்பையை அம்மா கண்ணில் படாமல் மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்கம்மா" என்றாள். "வாங்க, ஊட்டுக்குப் போலாம்."